பொறுமை யார்மேல் கடமை?

2022ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் பிறந்ததும் பிறவாததுமாக மலாக்கா மாநிலத்தில் வெள்ளம் புகுந்தது அன்பர்கள் பலருக்கும் நினைவிருக்கும். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் சிலாங்கூரில் ஷா ஆலமும் தாமான் ஸ்ரீ மூடாவும் மூழ்கிக் கிடந்த காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டு உச்சுக்கொட்டிக் கொண்டிருந்தோம். பிறகு அலோர் காஜா, ஜாசின் வட்டாரங்களிலேயே தண்ணீர் ஏறிற்று. பிறர் வீட்டு வெள்ளத்துக்கு இரங்குவது எளிது. தன் வாசலில் வந்து நின்றால்தான் அதன் நாற்றம் தெரியும்.

அந்நாட்களில் நம் சங்கத்தார் சிலர் ஒரு சிறு லாரியில் அரிசி, பால்மாவு, பிஸ்கட், போர்வை, பாய் ஆகியவற்றோடு ஐம்பது புத்தகப்பைகளையும் ஏற்றிக்கொண்டு, துயர் துடைப்பு மையமாக மாறியிருந்த ஒரு பள்ளி மண்டபத்துக்குப் போனோம். பைகளில் சங்கத்தின் பெயர் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அச்சுக்கூலி அதிகமென்று பொருளாளர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். கோவிட் காலமாகையால் எல்லோர் முகத்திலும் கவசம். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாழ்வான வரிசை வீடுகளிலிருந்து வந்த குடும்பங்கள் மண்டபத்துக்குள் சிறு சிறு கூடாரங்களில் அடங்கியிருந்தன.

ஓர் ஓரத்தில் பத்து வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் நனைந்த புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பையிலிருந்து சேற்றுநீர் சொட்டி அவன் காற்சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. புதுப்பை ஒன்றை நீட்டினோம், வாங்கவில்லை. மறுபடி நீட்டினோம்; பழைய பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கிற்று. உடனே நாம், வேறு யாருமில்லை, இதை எழுதும் நாமேதான், "ஆம்பிளைப் பிள்ளை அழலாமா? பொறுமையா இருக்கணும் தம்பி, எல்லாம் சரியாப் போகும்" என்று சொல்லி அவன் தலையைத் தடவினோம். அவன் அழவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "கோவிச்சுக்காதீங்க நானா, ரெண்டு நாளா இப்படித்தான் இருக்கான்" என்று அவன் தாய் நம்மிடம் மன்னிப்புக் கேட்டாள். வீட்டை இழந்தவள் வீடு உள்ளவனிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! அது அப்போதே நமக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அடுத்த கூடாரத்துக்குப் போய்விட்டோம்.

நம்மோடு தேநீர் ஆற்ற வந்திருந்த ரொட்டிக் கடைச் சிப்பந்தி ஒருவர் இருந்தார். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர். வேலை ஓய்ந்த நேரத்தில் அவர் அந்தச் சிறுவனுக்கு எதிரே குத்துக்காலிட்டு அமர்ந்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உள்ள என்ன வச்சிருக்க?" என்றார். பையன் பையைத் திறந்தான். ஊறிப் பருத்த பயிற்சிப் புத்தகங்கள், மை கரைந்து ஓடிய பக்கங்கள், ஒன்றோடொன்று ஒட்டிப்போன வண்ணப் படங்கள். சிப்பந்தி எழுந்துபோய், நாம் சரக்குக் கட்டி வந்திருந்த ராஃபியா கயிற்றைக் கொண்டுவந்து இரண்டு நாற்காலிகளுக்கிடையே கட்டினார். மண்டபத்து மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பி வைத்தார். எந்தப் புத்தகம் முதலில் என்று கேட்டார். பையன் யோசித்துச் சொன்னான். அரை மணி நேரத்துக்குள் வேறு நான்கைந்து பிள்ளைகள் தங்கள் புத்தகங்களோடு வந்து சேர்ந்தார்கள். கயிறு போதாமற் போயிற்று. இன்னும் கயிறு தேடிக் கிளம்பியவன் அந்தப் பையனே.

திரும்பி வரும்போது லாரியில் முப்பது பைகளுக்கு மேல் மிச்சமிருந்தன. அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. பொறுமையாயிரு என்று கட்டளையிட்டவர் நாம். பொறுமையாயிருந்தவர் அந்தச் சிப்பந்தி. பேரிடரில் சிக்கிய பிள்ளைகளுக்கு மனவுறுதி வேண்டும் என்று இன்று எல்லா மேடைகளிலும் பேசுகிறார்கள். அந்த உறுதியை யாரிடம் கேட்பது நியாயம்? அடிபட்டவனிடமா, அருகில் நிற்பவனிடமா? இதை நம் வாசகர்களோடு சேர்ந்து சற்று ஆராய விரும்புகிறோம்.

பொறுமை என்னும் சொல்லை நம்மவரைப் போல் தாராளமாக வழங்குவோர் இல்லை. மௌத்து வீட்டில் சொல்கிறோம், நஷ்டப்பட்ட வியாபாரியிடம் சொல்கிறோம், சம்பளம் தாமதமான சிப்பந்தியிடமும் கூசாமல் சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்குக் கண்ணீர் விடாமை என்று எவர் பொருள் தந்தார்? மகன் யூசுபைப் பிரிந்த யஃகூப் நபி (அலை) அவர்கள் பொறுமையை அழகியதென்று போற்றியவர்கள். அவர்களே அழுதழுது கண் வெளுத்துப் பார்வை இழந்தார்கள் என்பதும் அதே வரலாற்றில்தான் இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் பச்சிளம் மகன் இப்ராஹீம் இறந்தபோது கண்ணீர் வடித்தார்கள். உடனிருந்த தோழர் வியந்து வினவியபோது, அது இரக்கத்தின் அடையாளம் என்றே விளக்கினார்கள். பெரியோர்க்குப் பொருந்திய கண்ணீர் பத்து வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாமற் போவானேன்?

உண்மையைச் சொன்னால், பிள்ளையின் அழுகையை நாம் அடக்குவது பெரும்பாலும் நமக்காகத்தான். அந்தக் கண்ணீருக்கு நம்மிடம் மறுமொழி இல்லை. பதில் இல்லாத இடத்தில் நிற்க நமக்குக் கூச்சம். ஆகவே பொறுமை என்ற சொல்லை ஒரு மூடிபோல் எடுத்து அதன்மேல் கவிழ்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வராக்கடனைப் பேரேட்டில் காட்டாமல் மறைத்துவிட்டு இலாபம் என்று ஐந்தொகை போடுகிற கணக்கப்பிள்ளையை நாம் வேலையில் வைத்துக்கொள்வோமா?

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. கையில் புகைப்படக் கருவியோடு வந்து, "தண்ணி வந்தப்ப எப்படி இருந்துச்சு? பயமா இருந்துச்சா? சொல்லு, சொல்லு" என்று பிள்ளையைக் குடைவது. மனத்தில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்பது கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால், அதிர்ச்சியுற்றவரை உடனே ஒருமுறை உட்காரவைத்து நடந்ததை முழுவதும் சொல்ல வைப்பதனால் நன்மை விளைவதில்லை, சிலருக்குத் தீங்கும் விளையலாம் என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட மன முதலுதவிக் கையேடு மூன்றே காரியங்களை முன்வைக்கிறது. சூழ்நிலையைப் பார்ப்பது, சொல்ல விரும்பினால் கேட்பது, வேண்டிய உதவியோடும் உறவோடும் சேர்த்து வைப்பது. அந்தக் கையேட்டைப் பின்னாளில் படித்தபோது நமக்கு ரொட்டிக் கடைச் சிப்பந்தியின் முகம்தான் தோன்றிற்று. அவர் அதைப் படித்தவரல்லர்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று மலாக்காவில் கடை திறந்து வியாபாரம் செய்துகொண்டிருந்த நம்மவர் எத்தனை பேர் தொலைபேசியை எடுத்து நாகூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் காரைக்காலுக்கும் பரங்கிப்பேட்டைக்கும் இணைப்புக் கிடைக்காமல் தவித்தோம்! சுமத்ரா தீவு அணையாக நின்று நம் மாநிலத்தைக் காத்தது. பினாங்கிலும் கெடாவிலும் அலை ஏறியது. மலேசியாவில் 68 உயிர்கள் போயின. அங்கே நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ராஜூலாக் கப்பலில் ஏறிய நாள் முதல் நம் பாட்டன்மாரின் கண்ணில் கடைசியாக நின்ற கரை அந்தக் கரை.

அந்த நாளில் நம் சமுதாயத்தார் செய்ததைச் சொல்ல நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. பரங்கிப்பேட்டையில் திருமணத்துக்கென்று சமைத்து வைத்திருந்த உணவு அப்படியே அலையிலிருந்து தப்பி ஓடிவந்த மீனவர் குடும்பங்களுக்குப் பரிமாறப்பட்டது. நாகூரில் தர்காவுக்குரிய நிலத்தில் சமயம் பாராமல் இறந்தவர்கள் அடக்கம் செய்யப்பட்டார்கள். பசித்தவனுக்குச் சோறு, இறந்தவனுக்குக் குழி. இரண்டையும் நம்மவர் யாரும் சொல்லாமலே செய்தார்கள். ஆனால் சோறும் குழியும் சில நாளில் முடிகிற வேலை. பிள்ளைகளின் வேலை அப்படி முடிவதில்லை.

பள்ளிகள் மறுபடி திறந்தபோது ஆசிரியர்கள் கண்டது என்ன? கடலிரைச்சல் கேட்டால் நடுங்கும் பிள்ளைகள், காரணமில்லாமல் வயிறு வலிக்கிறது என்பவர்கள், தாயின் முந்தானையை விடாதவர்கள், முன்பு சாதுவாயிருந்து இப்போது அடித்துச் சண்டையிடுபவர்கள். மணலில் வீடு கட்டி, ஒருவன் அலையாக ஓடிவந்து அதை மிதித்து அழிக்க, மற்றவர் கூவிக்கொண்டு ஓடுகிற விளையாட்டும் நடந்தது. பெரியவர்களுக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. வாயில் நல்ல வார்த்தை வராதா என்று அதட்டுவார்கள். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நிறுவனத்தார் அப்போது தமிழகக் கடற்கரைகளுக்கு வந்து ஆசிரியர்களையும் ஊர்த் தொண்டர்களையும் பயிற்றுவித்தார்கள். படம் வரையட்டும், கதை சொல்லட்டும், விளையாடட்டும் என்பது அந்தப் பயிற்சியின் சாரம். வாய்க்கு வராதது பிள்ளைக்குக் கைக்கு வரும். தன் விளையாட்டில் அலையை நிறுத்தவும் மறுபடி வரவழைக்கவும் அவனால் முடிகிறது. உண்மையான அலையிடம் அவனுக்கு அந்த அதிகாரம் இருந்ததில்லை.

இதைச் சொல்லும்போது ஒரு நினைவு குறுக்கிடுகிறது. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்து, பாம்பனிலிருந்து போன ரயிலையும் பயணிகளோடு விழுங்கியபோது பிள்ளைகளாயிருந்த சிலர் பின்னாளில் இங்கே நம் கடைகளில் கணக்கு எழுதினார்கள். மழை வலுத்தால் கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பார்கள். அவர்களை நாம் கேலி செய்ததுண்டு.

நாகப்பட்டினத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக அரசு ஒரு காப்பகம் அமைத்தது. அப்போது அங்கே மாவட்ட ஆட்சியராகப் பொறுப்பேற்ற ஜெ. இராதாகிருஷ்ணன் அவர்கள் துணைவியாருடன் அக்காப்பகத்துக்குப் போய்ப் பழகிவந்தார். ஆட்சியர்கள் பொறுப்பான இடங்களைப் பார்வையிடுவது வழக்கம்தான், அதில் வியப்பில்லை. வேறு பதவிகளுக்கு மாற்றலாகிப் போன பின்னும் அவர் அந்தப் பிள்ளைகளை விட்டுவிடவில்லை என்பதே செய்தி. 2022ஆம் ஆண்டு, அங்கே வளர்ந்த ஒரு பெண்ணின் திருமணத்தில் குடும்பத்துப் பெரியவராக அவர் வந்து நின்றார். அப்போது அவர் மாநிலச் சுகாதாரத் துறைச் செயலர். பதினேழு ஆண்டுகள் கழித்து! நிவாரணம் என்று நாம் சொல்வது எத்தனை நாளில் முடிகிறது? நம் சங்கத்து நடவடிக்கைப் புத்தகத்தைப் புரட்டினோம். 2022 வெள்ள நிவாரணம் அதே ஜனவரியில் கணக்கு முடிக்கப்பட்டிருக்கிறது.

ஹவாயித் தீவுகளில் காவாய் என்று ஒரு சிறு தீவு. அங்கே 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற அம்மையாரும் அவர் துணைவர்களும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்து வந்தார்கள். வறுமை, குடிகாரத் தகப்பன், நோயாளித் தாய் என்று பல இடுக்கண்களில் பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் இடறினார்கள். ஆனால் அவர்களில் மூன்றில் ஒருவர் நல்ல நிலைக்கு வளர்ந்தார்கள். இவர்களுக்கு மட்டும் என்ன வாய்த்தது என்று பார்த்தபோது பலவும் தென்பட்டன. அவற்றுள் முக்கியமானது, அந்தப் பிள்ளையின்மேல் மாறாத பற்று வைத்த ஒரு பெரியவராவது இருந்தார் என்பது. பெற்றோராய் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பாட்டியாகலாம், ஆசிரியராகலாம், அண்டை வீட்டுக்காரராகலாம்.

கடைக்காரராகலாமா? வியாபாரிகளுக்கு எழுதுகிறபடியால் இதைக் கேட்கிறோம். ஆகலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது. மெர்லிமாவ், ஜாசின், தெபோங், காடேக், பத்தாங் மலாக்கா என்று தோட்டங்களை ஒட்டிய சிறு பட்டணங்களில் மளிகைக் கடையும் ரொட்டிக் கடையும் வைத்திருக்கும் நம்மவருக்குப் பால்மரக் காலத்திலிருந்தே தோட்டத்துப் பிள்ளைகளைத் தெரியும். எந்தப் பிள்ளை எந்த வீடு, எவன் காலையில் பசியோடு பள்ளிக்குப் போகிறான், எவள் வீட்டில் தகப்பன் அடிக்கிறான், எல்லாம் தெரியும். பற்று எழுதும் சிட்டையைப்போல் ஊரின் நிலைமையைக் காட்டும் ஏடு வேறில்லை. வெள்ளம் வடிந்த மறுநாள் சேற்றைத் தள்ளிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து, ரொட்டி தட்டும் ஓசை எழுந்தால், பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அதுவே ஒரு சேதி. நேற்று இருந்தது இன்றும் இருக்கிறது. அந்தக் காலையில் பழைய பாக்கியைக் கேட்காமல் இரண்டு ரொட்டி கொடுக்கிற கடைக்காரர் மனநல நூலொன்றும் படிக்க வேண்டியதில்லை.

பள்ளி சீக்கிரம் திறக்க வேண்டும் என்று அறிந்தோர் வற்புறுத்துவதும் இதனால்தான். 2024 ஜூலை 30 அன்று கேரளத்து வயநாட்டில் மலை சரிந்து முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணுக்குள் போயின. அவ்வூர்ப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு மேப்பாடியில் வேறிடம் ஒதுக்கி, செப்டம்பர் 2 அன்று விழாப்போல் வரவேற்று வகுப்புத் தொடங்கினார்கள். இடம் மாறிற்று, ஆசிரியர்களும் கூட்டாளிகளும் மாறவில்லை. மலாக்காவில் தமிழ்ப்பள்ளிகள் பல சிறியவை. பிள்ளைகள் குறைந்துபோனதை எண்ணி ஏங்குகிறோம். இந்த ஒரு காரியத்தில் சிறுமையே பலம். தலைமையாசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் வீடும் தெரியும். யார் வரவில்லை என்பது மணியடித்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் தாமே தெளிந்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரவில் அலறுவது, படுக்கையை நனைப்பது, மழை இருண்டால் ஒளிந்துகொள்வது எல்லாம் அந்த நாட்களில் இயல்பு. ஒரு மாதத்துக்கு மேலும் உணவும் உறக்கமும் படிப்பும் குலைந்து கிடந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போவதே முறை. ஓதிப் பார்ப்பவர் ஓதிப் பார்க்கட்டும், தடுக்கவில்லை. மருத்துவரையும் பார்க்கட்டும். கால் முறிந்தால் கட்டுப் போடுகிறோமே!

இதுவரை சொன்னதைக் கேட்டு, பிள்ளையை எந்நேரமும் அணைத்துப் பாவம் பாவம் என்று தடவிக்கொண்டிருப்பதே கடமை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. இரக்கத்திலும் ஒரு நஞ்சு உண்டு. பாவப்பட்டவன் என்ற பட்டத்தை ஒரு பிள்ளைக்குச் சூட்டிவிட்டால் அதைக் கழற்றுவது எளிதன்று. நாம் கண்ட சிறுவன் நிமிர்ந்தது எப்போது? எந்தப் புத்தகம் முதலில் என்று அவனைக் கேட்டபோது. கயிறு போதாமல் அவன் உதவி தேவைப்பட்டபோது. தன்னாலும் ஒன்று ஆகும் என்று அறிந்த பிள்ளைக்கு அச்சம் பாதி குறைகிறது.

ஆச்சேக்கு அப்பால் சிமெலூ என்றொரு தீவு இருக்கிறது. 1907இல் ஓர் ஆழிப்பேரலை அங்கே பேரழிவு செய்தது. தப்பியவர்கள் அதற்கு ஸ்மோங் என்று பெயரிட்டு, நிலம் வெகுவாய் அதிர்ந்து கடல் உள்வாங்கினால் எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடு என்பதைக் கதையாகவும் பாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004இல் அதிர்ச்சி தோன்றிய இடத்துக்கு மிக அருகில் இருந்தது அந்தத் தீவு. ஏறத்தாழ 78 ஆயிரம் மக்களில் இறந்தவர் ஏழே பேர். ஜப்பானில் காமாய்ஷி என்னும் ஊரில் 2011 மார்ச் 11 அன்று பெரிய பள்ளி மாணவர்கள் சின்னஞ்சிறு பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். அவ்வூர்ப் பள்ளிகளில் இருந்த மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த பிள்ளைகள் உயிர் தப்பினர். அவர்கள் முன்பே பலமுறை ஓடிப் பழகியவர்கள். பாட்டிகள் சிமெலூவில் அழிவை மறைக்கவில்லை, அதைச் சொல்லி அச்சுறுத்தவும் இல்லை; வழியைக் காட்டினார்கள். நம் மாநிலத்தில் அலை வராமலிருக்கலாம். ஆண்டுக் கடைசியில் மழை வரும். தண்ணீர் வந்தால் எங்கே போவது, எந்த அண்ணன் எந்தத் தம்பியின் கையைப் பிடிப்பது, புத்தகத்தை எந்தப் பரண்மேல் நெகிழிப் பையில் கட்டி வைப்பது என்பதை நவம்பரிலேயே பிள்ளைகளை வைத்து ஒத்திகை பார்க்க ஒரு காசு செலவில்லை.

இனி ஒரு கசப்பான கேள்வி. இதை எழுதாமல் விட்டால் நாம் சொன்னதெல்லாம் ஏமாற்று வித்தையாய்ப் போகும்.

இலங்கையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையில் மீரியபெத்தை என்பது ஒரு தேயிலைத் தோட்டம். நம் தோட்டங்களைப் போலவே தமிழ்த் தொழிலாளர், வரிசை லயங்கள். 2014 அக்டோபர் 29 அன்று காலையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்து பார்த்தால் வீடு இருந்த இடத்தில் சேற்று மேடு. அங்கே நிலம் சரியும் என்று 2005லும் 2011லும் அந்நாட்டு நிலச்சரிவு ஆய்வுத் துறையினர் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை இருந்தது, மாற்று வீடு இருக்கவில்லை. 2020 ஆகஸ்ட் 6 அன்று இரவு மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில் அதே கதை. மீண்டும் தேயிலைத் தோட்டம், மீண்டும் தமிழர் லயம், எழுபது உயிர்கள். பள்ளிப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

இப்படி எஞ்சிய ஒரு பிள்ளையிடம் போய் மனவுறுதியைப் பற்றி வகுப்பு எடுப்பது சரிதானா? பெரியவர்கள் பட்ட கடனைப் பிள்ளையின் நெஞ்சுரத்தைக் கொண்டு அடைக்கச் சொல்வதன்றோ அது? நாம் இதில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம், மாறுபடுகிறவர்கள் எழுதலாம். பிள்ளையைத் தேற்றுவதும் அவன் வீட்டை மேட்டுக்கு மாற்றுவதும் ஒரே கடமையின் இரண்டு பாதிகள். பின்னதைச் செய்ய வல்லவர்கள் அதைச் செய்யாமல் முன்னதை மட்டும் செய்தால், அடுத்த வெள்ளத்துக்கும் தயாராக இரு என்று அவனிடம் சொல்வதாகவே பொருள்படும். இயற்கையின் சீற்றம் என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் மூடிவிடுகிறோம். மழை இயற்கை. பள்ளத்தில் வீடு கட்டியது இயற்கையா?

சரி, அரசாங்கத்தையும் தோட்ட முதலாளிகளையும் கேட்பதற்கு முன் நம் கடைக்குப் பின்னால் போய்ப் பார்க்கலாம். நாம் போய்ப் பார்த்தோம். வடிகாலில் அட்டைப்பெட்டிகள், எண்ணெய் டின்கள், நெகிழிப் பைகள், தேயிலைச் சக்கை. மழைநாளில் அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் தள்ளும் என்று வரிசை வீடுகளில் குடியிருப்போரைக் கேட்டால் சொல்வார்கள். ஐம்பது புத்தகப்பைகளுக்கு அச்சுக்கூலி கொடுத்த நாம் அந்த வடிகாலுக்கு ஓர் ஆளைக் கூலிக்கு வைத்ததில்லை. அந்தப் பள்ளி மண்டபத்தில் நாம் நீட்டிய பை ஒருவேளை நம் கடைக் குப்பை நனைத்த பைக்கு மாற்றாகத்தான் இருந்திருக்கும். சென்ற மாதம் முதல் இரண்டு ஆட்கள் வாரம் ஒருமுறை வடிகாலைத் தள்ளுகிறார்கள். செலவை ஏழு கடைக்காரர்கள் பங்கிட்டுக்கொள்கிறோம். எட்டாமவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தச் சிறுவனைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளத்துக்குப் பிறகு அவன் ரொட்டிக் கடைப்பக்கம் வரத் தொடங்கினான். பள்ளி விட்டதும் வந்து, மாவு பிசையும் மேசைக்குப் பக்கத்தில் நின்று சிப்பந்தியோடு பேசிவிட்டுப் போவான். தேர்வு மதிப்பெண்ணை அவரிடம் காட்டுவான். நமக்கு அது தெரியும். ஆனால் அதைப் பெரிதாக எண்ணவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் சிப்பந்தி ஊருக்குப் போய்விட்டார். வேலை அனுமதியை நீட்டிக்க நாமும் அதிகம் அலையவில்லை, வேறு ஆள் கிடைத்துவிட்டபடியால்.

இரண்டு வாரம் கழித்துப் பையன் வந்தான். இப்போது வளர்ந்திருக்கிறான், இடைநிலைப் பள்ளிச் சீருடை. "அண்ணே எங்க?" என்றான். போய்விட்டார் என்றோம். சிறிது நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பொறுமை என்று சொல்ல வாய் வந்தது; அடக்கிக்கொண்டோம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னோம். சிப்பந்தியின் ஊர்த் தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்து அப்போதே இணைத்துக் கொடுத்தோம். அவர்கள் பேசினார்கள், பையன் சிரித்தான், கொஞ்சம் அழுதான். பேசி முடித்துக் கைபேசியைத் திருப்பித் தந்தபோது, "உன் பேரு என்னப்பா?" என்று கேட்டோம். மூன்று ஆண்டுகளுக்கு மேலாக நம் கடை வாசலில் நின்ற பிள்ளை. சொன்னான். சிட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டோம். நாளை வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறான்.